தைக்காமல் விட்ட கிழிசல்

நேற்று தறியில் குறுக்கே ஓடிய நாடாக் கட்டை, பாவு நூலில் நாலு இழையை அறுத்துக்கொண்டு எகிறி என் வீட்டுக்காரர் கண்ணில் அடித்துவிட்டது.

இன்று காலை சின்ன காஞ்சிபுரத்தில் டாக்டரம்மாவிடம் காட்டினோம்.

"கண் பாப்பாவைச் சுத்தி இருக்கிற ஐரிஸ்ங்கிற திரை ஓரத்துல கிழிஞ்சிருக்குது. இப்ப தையல் வேணாம். சொட்டு மருந்து, ஓய்வு போதும்."

இவர் விடவில்லை. "ஓர் இழை அறுந்தாலே ஒடனே முடிச்சு போடுவோம்மா. அப்டியே உட்டா சேலை பூரா குறை ஓடும். இது கண்ணும்மா!"

"சின்னக் கிழிசல்தான்பா. ரெண்டு ரெண்டா தெரிஞ்சா, ரொம்பக் கூசினா அப்பறம் தைக்கலாம். கண் அழுத்தம் ஏறுதான்னு மட்டும் அடிக்கடி பாக்கணும்."

மருந்து விட்டதும் பார்வை இன்னும் மங்கியது. அது பாப்பாவை விரிக்கிற மருந்தாம், அப்படித்தான் இருக்குமாம். எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு வடித்துவிட்டுத் திரும்பினால், கண்ணில் டாக்டரம்மா போட்டுவிட்ட பிளாஸ்டிக் மூடியோடு, அறுந்த இழைக்கு முடிச்சு போடத் தறியில் குனிந்திருக்கிறார்.

"டாக்டரம்மா என்னா சொன்னாங்க?" என்று கத்தினேன்.

"கண்ணத்தாம்மா அப்டியே உடச் சொன்னாங்க. பாவு நூல உடச் சொல்லல."

கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்தேன்.

பிறகு அந்த நாலு இழையையும் நானே உட்கார்ந்து முடிச்சுப் போட்டேன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இப்போது எங்கள் இருவரில் யாரைத் திட்டுவீர்கள்?