அண்ணனுக்குக் கொடுத்த இலைப்பொடி

வேதியியலில் பட்டம் வாங்கி இராமநாதபுரத்தில் பாடம் நடத்திய எனக்கு, தாவரம் தீங்கு செய்யாது என்ற அரிய உண்மை தெரிந்திருந்தது. அரளியும் தாவரம்தான் என்பது மட்டும் ஏனோ மறந்துபோயிற்று.

அக்காள்மடத்தில் கடல்தொழில் செய்த என் அண்ணன், சர்க்கரை நோய்க்கு டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிட்டுவந்தார். அது போதாதென்று நான், சர்க்கரையைக் குறைக்கும் சிறுகுறிஞ்சான் இலைப்பொடி வாங்கிப் போனேன்.

"ஏலே, மாத்திரையோட இதயும் திங்கலாமா?"

"இலைதானண்ணே, என்ன செஞ்சிரும்?"

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அண்ணன் ஒருசந்தி இருப்பார். மதியம்வரை தண்ணீர் மட்டும்தான். பொடி மருந்து என்பதால் நோன்பு முறியாது என்ற தீர்ப்பையும் நானே வழங்கினேன். அப்படியொரு வெள்ளிக்கிழமை, வலை காயப்போட்ட இடத்திலேயே வியர்த்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "மாத்திரையத் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா சார்?"

"ஒண்ணுமில்ல" என்றேன். நோன்புக்கு மருந்தாக இருந்த பொடி, டாக்டரிடம் வெறும் இலையாகிவிட்டது.

எழுத்துத் தெரியாத மதினிதான், முந்தியில் முடிந்திருந்த பொட்டலத்தை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். "தம்பி வாங்கியாந்தது, டாக்டரய்யா. காலையில வெறும் வயித்துல தின்னாக."

சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்று உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். அண்ணன் பிழைத்தார். ஆனால் வலைமுடிச்சுப் போட்ட விரல்களில் பழைய நிதானம் திரும்பவே இல்லை.

"நல்லதுக்குத்தான குடுத்த" என்று கடைசிவரை எனக்கே ஆறுதல் சொன்னார். டாக்டரிடம் நான் சொன்ன அந்த "ஒண்ணுமில்ல" அவருக்குத் தெரியாது. மதினி சொல்லவில்லை. படித்தவனான நானும் சொல்லவில்லை.