யேமன் கடை வெள்ளிக்கிழமைகள்

நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது கல்யாணமாகி ஆறாவது வருடத்தில்தான். அதுவும் எங்கள் ஊரான தெமோதரையில் இல்லை. ஜித்தாவில், ஒரு யேமன்காரரின் சாப்பாட்டுக் கடையில்.

இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதில்லை. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடு ஓர் அறையும் ஒரு குசினியும்தான். மாமியார், கொழுந்தன்மார் இருவர், நாங்கள், எங்கள் மகள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும்போது ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே போவேன். பகலில் அவர் ஒரு மலையில் வேலை செய்வார், நான் வேறொரு மலையில் கொழுந்து எடுப்பேன். மாலையில் ஆண்கள் முதலில் உட்காருவார்கள். பரிமாறி முடித்த பிறகு, சட்டியில் மிஞ்சியதை அடுப்புப் பக்கம் குந்தியிருந்து நான் சாப்பிடுவேன். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை. வேறு மாதிரியும் செய்யலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் ஜித்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போனேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. நமுனுகுலவில் இருந்த என் அக்காவிடம் அவளை விட்டேன். எட்டு மாதம் கழித்து அவரும் அதே ஊரில் ஒரு துப்புரவுக் கம்பனியில் வேலை கிடைத்து வந்து சேர்ந்தார். நான் வேலை செய்த வீட்டு எசமானி கொஞ்சம் இரக்கம் உள்ளவர். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் தொழுகைக்குப் பிறகு, அந்த வீட்டு டிரைவர் என்னை அந்த யேமன் கடை வாசலில் இறக்கிவிட்டு, நான்கு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

கடையின் ஒரு பக்கம் ஆண்களுக்கு. மறுபக்கம் குடும்பங்களுக்கு, சின்னச் சின்னத் தடுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கனமான திரை போட்டிருந்தார்கள். புருஷன் பெண்சாதி என்றால்தான் உள்ளே விடுவார்கள். அதற்காக என் வீட்டுக்காரர் எங்கள் விவாகப் பதிவுப் பத்திரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பதுளையில் எடுத்தது, முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. பரிமாறுகிறவர் நரைத்த தாடிக்காரர். பத்திரத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அதில் குத்தியிருந்த முத்திரையை விரலால் தடவிவிட்டுத் தலையாட்டினார். திரையை விலக்கிவிட்டார்.

தரையில் கம்பளமும் சாய்ந்துகொள்ளத் திண்டும் இருந்தன. பெரிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் நடுவே ஒரே ஒரு அகலத் தட்டை வைத்துவிட்டுப் போனார். மஞ்சளும் வெள்ளையும் கலந்த நீளச் சோறு, மேலே ஆட்டிறைச்சி. தக்காளியும் பச்சை மிளகாயும் அரைத்த சட்னி ஒரு கிண்ணத்தில். இரண்டு பேருக்கும் அந்த ஒரு தட்டுதான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"ஏன் சாப்பிடாம இருக்க?" என்றார்.

"நீங்க சாப்புடுங்க. நான் பொறவு சாப்புடுறேன்."

"பொறவுன்னா எப்ப? நாலு மணிக்கு வண்டி வந்துரும்."

கை நீட்டினேன். எட்டு மாதம் பார்க்காத மனிதர், ஒரு முழத் தூரத்தில் இருக்கிறார். அவர் சோற்றைப் பிசையாமல் உருட்டுவதையும், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் தட்டின் ஓரத்தைத் துடைத்துக்கொள்வதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை வருடமும் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அவர் சாப்பிடுவதைப் பார்த்ததில்லை.

இறைச்சியை மட்டும் நான் தொடவில்லை. வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் புழங்குவதில்லை.

"மாரியம்மா இங்க வந்து பாக்கவா போறா?" என்று சிரித்தார்.

"பாக்கலன்னாலும் எனக்குத் தெரியுமில்ல."

இரண்டு மாதம் நான் வெறும் சோறும் சட்னியும் சாப்பிட்டதைத் தாடிக்காரர் கவனித்திருக்கிறார். மூன்றாம் மாதம் நாங்கள் கேட்காமலே இன்னொரு கிண்ணம் வந்தது. சுட்ட ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, வாழைப்பழத்தோடு பிசைந்து, மேலே தேன் ஊற்றியது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அது தானாகவே வந்தது. எனக்கும் தாடிக்காரருக்கும் பொதுவாகப் பத்து அரபுச் சொல் கூட இருக்காது. எங்களுக்குப் பிள்ளை உண்டா என்று கையால் உயரம் காட்டிக் கேட்டார். நான் ஒரு விரல் காட்டினேன். அவர் நான்கு விரல் காட்டி, தூரத்தில் என்று கையை வீசினார்.

இதையெல்லாம் அக்காவுக்கு எழுதினேன். அவளிடமிருந்து பதில் வந்தது: 'எமன் கடையில் சாப்பிட்டோம் என்று எழுதியிருக்கிறாயே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?' அந்தக் கடிதத்தை அடுத்த மாத வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். திரைக்கு வெளியே கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. என் ஒப்பந்தம் முடிந்து, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அப்போதுதான் பதுளையிலிருந்து வந்த ஒருவரிடம் அக்கா குரல் பதிந்த ஒரு கெசட் கொடுத்தனுப்பியிருந்தாள். என் வீட்டுக்காரர் யாரிடமோ சின்ன ரெக்கோடர் இரவல் வாங்கி வந்தார். காதில் வைக்கும் வயரில் ஒன்றை அவரும் மற்றதை நானும் வைத்துக்கொண்டோம்.

முதலில் அக்காவின் குரல். பிறகு மகள். "அப்பா, நான் ஸ்கூலுக்குப் போறேன். டீச்சர் எனக்கு ஸ்டார் போட்டாங்க. எனக்கு செவப்பு ரிப்பன் இருக்கு." கொஞ்சம் இடைவெளி. பிறகு, "அம்மா, போதுமா?"

என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "போதாதுடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதற்குள் கெசட்டில் அக்காவின் குரல் கேட்டது. "இன்னும் ஏதாச்சும் சொல்லு கண்ணு."

அவர் நிறுத்தினார். பின்னால் சுற்றி, அந்த இடத்தை மறுபடி போட்டார். இருவருக்கும் விளங்கிவிட்டது. அக்கா மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. யார் தலை பின்னிவிடுகிறார்களோ அவர்களைத்தானே பிள்ளை அம்மா என்று கூப்பிடும்.

"நான் ஊருக்குப் போறேன்" என்றேன்.

"ஒன்ன விடமாட்டாங்க. இப்பத்தான் கையெழுத்துப் போட்டிருக்க. எனக்கு வர்ற மாசம் முடியுது. நான் போறேன்."

"பொம்பளப் புள்ளய நீங்க எப்படிப் பாப்பீங்க? தலை பின்னத் தெரியுமா?"

"தெரியாது. பழகிக்குவேன்."

"பொண்டாட்டிய வெளிநாட்டுல விட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கான்னு லயத்துல பேசுவாங்க."

"பேசட்டும்."

அவர் அவ்வளவு லேசாகச் சொன்னது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. இங்கே வேலை செய்ய முடியாமல்தான் பிள்ளையைச் சாக்கு வைக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. லயமாக இருந்தால் இதற்குள் மாமியார் குறுக்கே வந்திருப்பார், பக்கத்து வீட்டில் யாராவது இருமியிருப்பார்கள், சண்டை அதோடு எங்கோ போய் ஒளிந்திருக்கும். இங்கே எங்களைத் தவிர யாருமில்லை. ஆரம்பித்த நாங்களே முடித்தாக வேண்டும்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவர் எலும்பிலிருந்து இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் வைத்தார். சாப்பிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை என்பது இருவருக்குமே நினைவில்லை.

அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போனார். அதன் பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. புருஷன் இல்லாமல் அங்கே உட்கார முடியாது. தாடிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்தேன்.

மகளை அவர் தெமோதரைக்குக் கூட்டி வந்தபோது அவள் ஒரு வாரம் அழுதாளாம். பிறகு சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி அக்காவிடம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். தலை பின்னப் பழகிவிட்டேன், வகிடுதான் இன்னும் கோணுகிறது என்று எழுதினார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் திரும்பி வந்தேன். அன்று பகல் மகளுக்கு நானே சோறு போட்டேன். அவள் தட்டைத் தொடாமல் அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா போட்டிருக்காங்க, சாப்புடு."

"எந்த அம்மா?" என்று கேட்டாள். குத்திக் காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

அவரே பதில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். "இதுவும் ஒங்கம்மாதான்" என்றார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சாப்பிட்டாள். அக்காவையும் என்னையும் இரண்டு பேரையுமே அம்மா என்று கூப்பிடும் பழக்கம் அவளுக்கு நிலைத்துவிட்டது. முதலில் வலித்தது. பிறகு, அக்கா வந்திருக்கும்போது அவள் அம்மா என்று கூப்பிட்டால் நாங்கள் இருவரும் ஒன்றாக எழுந்து போவதும் எங்களுக்கே சிரிப்பாகிவிட்டது.

அவளைப் பெரிய வகுப்பில் சேர்க்கப் பதுளைக்குப் போன நாளில், பஜாரில் ஒரு கடையில் மூன்று பேரும் புரியாணி சாப்பிட்டோம். ஜித்தாவில் நாங்கள் எங்கே சாப்பிடுவோம் என்று மகள் கேட்டாள். யேமன் கடையைப் பற்றிச் சொன்னேன். கெசட்டைப் பற்றியும் சொன்னேன்.

"அப்ப நீங்கதான் அப்பாவ அனுப்பி வச்சீங்களா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் சொன்னார். "ஆமா. அம்மாதான் போங்கன்னு சொன்னாங்க. எனக்கு வர மனசில்ல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது அப்படித்தான் நினைவிருக்கிறது. எனக்கு வேறு மாதிரி நினைவிருக்கிறது. திருத்த வாயெடுத்தேன். மகள் என் பக்கம் திரும்பி, முதல் தடவையாக என்னை நன்றாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருத்துவதை விட்டுவிட்டேன். அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்டேன்.