மொசாம்பிக் காசும் முருகேசனின் ஷூவும்

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஸ்கிராப் யார்டு சூப்பர்வைசராக இருந்தவன் நான். எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். அலுமினியம் எது, பித்தளை எது என்று அவருக்குத் தெரியாது. ஆட்களை விரட்ட மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒருநாள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கன்டெய்னரைத் திறந்தால், உள்ளே முழுக்க மொசாம்பிக் நாட்டுக் காசு. போர்ச்சுக்கல்காரன் போன பிறகு அவர்களே அடித்த மெட்டிகல். விலைவாசி ஏறி, பணத்தில் மூன்று சைபரை அரசாங்கமே வெட்டிவிட்டதால் அங்கே ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாத காசு. கழிவாகத்தான் எங்களுக்கு வந்தது. யார்டில் கொட்டியதும் இடுப்பளவு குவியல். மேலே ஏறி அலுமினியத்தையும் பித்தளையையும் பிரிக்க வேண்டும்.

ராமநாதபுரத்து முருகேசன் சேஃப்டி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினான். குவியலுக்குள் தகரத் துண்டுகளும் கிடந்தன.

“ஷூவப் போடுடா” என்றேன்.

“காசுண்ணே. ஷூக்காலோட எப்பிடி மிதிக்கிறது?”

“வெறுங்கால்னா லட்சுமி கோவிச்சுக்க மாட்டாளா?”

“தொட்டுக் கும்பிட்டுத்தானண்ணே ஏறுனேன்.”

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அதற்குள் மேனேஜர் பார்த்துவிட்டார்.

“செத்துப்போன காசுக்கு என்னய்யா மரியாதை? இன்ஸ்பெக்டர் வந்தா ஃபைன் எனக்குத்தான். இவன் விசாவ கேன்சல் பண்ணுங்க.”

முருகேசன் முகம் செத்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு கம்பெனி மூடி இங்கே வந்தவன். இதுவும் போனால் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

லோடர் வண்டியால் அள்ளி, பிரிக்கிற மேசையில் கொட்டினால் யாருமே ஏற வேண்டாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். “டீசல் என்ன உங்கப்பன் வீட்டுதா?” என்று கேட்ட மகான் இவர்தான்.

முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப மகானே குவியல் மேல் ஏறினார். பளபளக்கும் லெதர் ஷூ. இரண்டாவது அடியில் காசு சரிந்து கால் புதைந்தது. மனிதர் சட்டென்று குனிந்து, ஒரு காசைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். வாய் ஏதோ முணுமுணுத்தது.

யார்டே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

“செத்துப்போன காசுதானே சார்?” என்றேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கினார்.

“லோடரக் கூப்பிடுங்க.”

“முருகேசன் விசா சார்?”

“போய் வேலையப் பாருய்யா.”

புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்குச் சொல்கிறேன். சேஃப்டி பற்றி மேனேஜரிடம் வாதாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அவரையே ஒரு தடவை குவியல் மேல் ஏற்றிவிடுங்கள்.