வயதையும் காட்டு

ரயில் நிலையத்தின் கடைசி நடைமேடைக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. பயணிகள் தவறவிட்ட பொருள்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இருபத்திரண்டு வருஷமாக அதன் கவுண்டரில் ஒரே ஆள்தான். குடைகள், ஒற்றைச் செருப்புகள், பல்செட்டுகள், ஒருமுறை உயிரோடு ஒரு ஆமை. வந்ததை எழுதி அலமாரியில் வைத்துவிட்டுச் சொந்தக்காரருக்காகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அவள் காத்திருக்கிற ரகம் இல்லை. பைக்குள் கசங்கிக் கிடக்கும் மருந்துக் கடைச் சீட்டு, சட்டைக் காலரில் சலவைக் கடைக்காரர் போட்ட குறி என்று ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போய் ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள். சின்ன வயதில் அவளை அம்மா திட்டுவது 'துப்புக் கெட்டவளே' என்று. அதை ஒருநாள் வாய் தவறி அலுவலகத்தில் சொல்லிவிட்டாள். கெட்டதை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் அவள் பெயர் துப்பு.

துப்புக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பம்தான் அவள் குடும்பம். தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரி அளவுப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து இறக்குகிற வேலை. அவனுக்கு ஒரே மகள், பத்தொன்பது வயது, கல்லூரி நீச்சல் அணியில் இருப்பவள், வீட்டில் இன்னும் பாப்பாதான். அத்தை என்றால் அவளுக்கு உயிர்.

ஒரு மழைக்காலத்தில் யாரோ ஒரு பழைய போட்டோ ஆல்பத்தை ரயிலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முகவரி கிடையாது. ஒரு படத்தின் பின்னால் பெயரும் வருஷமும் மட்டும் பென்சிலில் இருந்தன. பக்கத்து அறைக் குமாஸ்தா, குடும்ப வரலாறு தேடுவதற்கென்றே ஒரு இணையதளம் இருப்பதாகச் சொன்னார். பழைய இறப்புப் பதிவேடுகள், கப்பல் பயணிகள் பட்டியல், செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் படமெடுத்துத் தட்டச்சு செய்து ஏற்றியிருந்தார்கள். மூன்றே நாளில் ஆல்பத்துக்காரரின் பேரனைப் பிடித்துவிட்டாள். அவர் வந்து வாங்கிக்கொண்டு போன பிறகு, திரையில் ஒரு வரி மினுக்கிக்கொண்டிருந்தது: 'உங்கள் குடும்ப மரத்தைத் தொடங்குங்கள்.'

தொடங்கினாள்.

முதலில் அது வெறும் குஷிதான். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் தளத்தைத் திறப்பாள். மரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மூலையில் பச்சைப் புள்ளி எரிந்தால், அவரைப் பற்றி ஏதோ ஆவணம் கிடைத்திருக்கிறது என்று பொருள். தாத்தாவின் பெயரைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. ஒரு எழுத்தர் குறிலை நெடிலாக்கியிருந்தார், இன்னொருவர் ழகரத்தை ளகரமாக்கியிருந்தார், மூன்றாமவர் தாத்தாவைப் பெண்ணாகவே மாற்றியிருந்தார். அதையெல்லாம் தாண்டிக் கொள்ளுத்தாத்தாவரைக்கும் போய்விட்டாள். கொள்ளுத்தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள். மூத்தவரின் பேரன், அவளுக்கு அண்ணன் முறை, கடல் தாண்டி எங்கேயோ இருந்தார். அவரும் அதே தளத்தில் ஒரு மரம் வைத்திருந்தார். இரண்டு மரங்களையும் இணைத்தபோது அறுபத்து மூன்று பேர் ஆனார்கள்.

ஒருநாள் மத்தியானம் பக்கத்தின் ஓரத்தில் இருந்த அமைப்புகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். 'வயதையும் காட்டு' என்று ஒரு கட்டம். டிக் போட்டாள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஒரு எண் வந்து உட்கார்ந்தது. வலது பக்கம், அம்மா வழியில், எழுபத்தொன்பது, எண்பத்து மூன்று, எழுபத்தொன்று. நல்ல ஆயுசு என்று நினைத்துக்கொண்டே கண்ணை இடது பக்கம், அப்பா வழிக்கு, நகர்த்தினாள். பெரிய தாத்தா நாற்பத்தொன்று. தாத்தா நாற்பத்து நான்கு. அவர் தம்பி இருபத்திரண்டு. அவர் தங்கை பதினேழு. அத்தை இருபத்தொன்பது. அப்பா முப்பத்தெட்டு.

மேலிருந்து இன்னொரு முறை படித்தாள்.

தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று பதிவேட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிழை இல்லை. மரணத்துக்குக் காரணம் என்ற பத்தியில், மங்கிய மையில், ஒருவருக்கு 'தூக்கத்தில்'. ஒருவருக்கு 'திடீரென'. தாத்தாவின் தம்பிக்கு 'நீரில் மூழ்கி'. அவர் பெட்டியில் பச்சைப் புள்ளி எரிந்தது. பழைய செய்தித்தாள் துண்டு ஒன்று: காற்றில்லாத நாளில், அலையில்லாத குளத்தில், பரிசுகள் வாங்கிய நீச்சல்காரர், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் மூழ்கிப் போனாராம். அத்தையின் பெட்டியில் அந்த அண்ணன் முறைக்காரர் எப்போதோ எழுதிவைத்த ஒரு குறிப்பு: 'தொலைபேசி மணி அடித்தது, எடுக்க எழுந்தாள், விழுந்தாள்.'

துப்பு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அப்பா போனபோது அவளுக்குப் பதினொரு வயது. விடிகாலையில் அலாரம் அடித்தது. அப்பா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். அதற்குப் பிறகு அம்மா வீட்டில் அலாரம் கடிகாரமே வைக்க விடவில்லை. துக்கத்தில் வந்த பிடிவாதம் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அச்செடுத்த மரத்தை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டுக்குப் பிறகு அதை மேஜையில் விரித்தாள். அவன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுல என்னக்கா இருக்கு? அந்தக் காலத்துல எல்லாருமே சீக்கிரம்தான் போவாங்க."

"வலது பக்கம் பாரு. அவங்களும் அந்தக் காலம்தான். எண்பது வரைக்கும் இருந்திருக்காங்க."

"அவங்க நல்லா சாப்பிட்டிருப்பாங்க."

"விளையாடாதடா. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம். நீ, நான், பாப்பா, மூணு பேரும்."

அவன் முகம் மாறியது. காகிதத்தை மடித்து அவள் கையில் திணித்தான். "ஆஸ்பத்திரியில எதையாவது எழுதிக் குடுத்தாங்கன்னா துறைமுகத்துல என்னை மேல ஏத்த மாட்டாங்க. என் வயித்துல அடிக்காத. அந்தக் கம்ப்யூட்டரை மூடிட்டு வேற வேலை இருந்தா பாரு."

தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் அக்காவிடம் இப்படிக் கத்தி அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள் துப்பு கடல் தாண்டிய அண்ணனுக்கு எழுதினாள். 'உங்கள் பக்கத்தில் வேறு யாராவது இப்படித் திடீரென்று போயிருக்கிறார்களா?' இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு வந்தது. 'என் மூத்த மகன். போன வருஷம். பதினாறு வயது. பள்ளிக்கூட நீச்சல் குளத்தில். அவனை இன்னும் மரத்தில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.'

சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். பாப்பா தினமும் நாலரைக்குப் பயிற்சிக்கு இறங்குகிறவள்.

கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பேருந்தில் இருந்தபடியே போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மணி அடிக்கிறதே என்ற நினைப்பு வந்ததும் அழைப்பைத் துண்டித்துவிட்டாள். தண்ணீருக்குள் இருப்பவள் போனை எப்படிக் கேட்பாள் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

குளத்தில் ஆறு தடங்கள். ஆறிலும் ஒரே மாதிரித் தொப்பிகள், ஒரே மாதிரிக் கைகள். நாலாவது தடத்தில் இருப்பது பாப்பாதான் என்று தோளை வைத்துக் கண்டுபிடித்தாள். கத்திக் கூப்பிட வாயைத் திறந்தவள் சட்டென்று பொத்திக்கொண்டாள். சத்தம். அப்பாவுக்கு அலாரம், அத்தைக்கு மணி. தன் கத்தலே இவளுக்குக் கேட்கும் கடைசிச் சத்தமாகிவிட்டால்?

செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நடந்து நாலாவது தடத்தின் முனைக்குப் போய் மண்டியிட்டாள். பெண் அந்தக் கோடியில் திரும்பினாள். கை வெளியே வந்தது, உள்ளே போனது. வந்தது, போனது. ஒவ்வொரு முறை தலை தண்ணீருக்குள் போகும்போதும் அது மறுபடி வெளியே வரும்வரை துப்பு எண்ணினாள். பாதி தூரத்தில் பெண் ஒரு கணம் மெதுவானாள். உயிர்காப்பாளர் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். துப்பு குதிக்கத் தயாராகிவிட்டாள். அவளுக்கு நீந்தத் தெரியாது.

விரல்கள் சுவரைத் தொட்டன. துப்பு அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை? இங்க என்ன பண்றீங்க? ஐயோ, விடுங்க, எல்லாரும் பார்க்கிறாங்க!"

"மெதுவா மேல வாம்மா. ஒண்ணுமில்ல. மெதுவா."

"அழுறீங்களா?"

"நீ மேல வா, சொல்றேன்."

சாயங்கால வெயிலில், துண்டைப் போர்த்திக்கொண்டு பார்வையாளர் படியில் உட்கார்ந்து பெண் எல்லாவற்றையும் கேட்டாள். கோபப்பட்டாள், சிரித்தாள், பிறகு அந்தப் பதினாறு வயதுப் பையனைப் பற்றிக் கேட்டதும் துண்டை இழுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் தம்பி அலுவலகத்துக்கே வந்து நின்றான். அவள் திட்டு வாங்கத் தயாரானாள். அவன் கவுண்டரின் கீல் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே வந்து, குடைகள் அடுக்கியிருந்த மூலையில் உட்கார்ந்தான்.

"எனக்கு ஒரு தடவை ஆச்சுக்கா."

"என்னடா ஆச்சு?"

"எட்டு மாசம் இருக்கும். மேல கூண்டுல இருந்தேன். பெட்டி பாதி தூரம் இறங்கியிருந்துச்சு. திடீர்னு கீழ அபாயச் சங்கு ஊதினான். அவ்வளவுதான் தெரியும். கண்ணைத் திறந்தா நெத்தி கண்ணாடியில இடிச்சுக் கிடக்கு. எவ்வளவு நேரம்னு தெரியல. பெட்டி அந்தரத்துல ஆடிட்டு இருக்கு. அதுக்கு நேர் கீழ ஒருத்தன் நின்னு பீடி பத்த வெச்சிட்டு இருக்கான்."

துப்பு தன் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லல. தினமும் ஏணி ஏறும்போது காலு வெலவெலக்கும். ஞாயித்துக்கிழமை நீ அந்தப் பேப்பரை விரிச்சதும், எமன் என் பேரு போட்டு லெட்டர் அனுப்பின மாதிரி இருந்துச்சு." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு வர்றது வரட்டும். நேத்து பாப்பா வந்து சொன்னா. அவளுக்கும் இருக்குமாக்கா?"

"இன்னைக்கே போறோம். ஏணியில ஏறாத."

இதய டாக்டர் இளம் பெண். 'இணையத்தில் பார்த்தேன்' என்று துப்பு ஆரம்பித்ததும், இதுபோல் எத்தனையோ பேரைப் பார்த்த சலிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. துப்பு அச்செடுத்த மரத்தை நீட்டினாள். டாக்டர் அதைப் பார்த்தார். பேனாவை மேஜையில் வைத்தார். அத்தையின் பெட்டிக் குறிப்பைப் படித்தார், திரும்பவும் படித்தார்.

"இதை யார் தயாரிச்சது?"

"நான்தான் டாக்டர்."

"உங்களுக்கு என்ன வேலை?"

"தொலைஞ்சதைக் கண்டுபிடிக்கிறது."

மூன்று பேருக்கும் இசிஜி எடுத்தார்கள். டாக்டர் நீளக் காகிதங்களை விரித்து, கவராயம் மாதிரி ஒரு கருவியை வைத்து அலைகளுக்கு நடுவில் அளந்தார். அந்த ஐந்து நிமிஷமும் தம்பி அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான், ஆறு வயதில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது பிடித்துக்கொண்டிருந்த மாதிரி.

இதயத்தின் மின் ஓட்டத்தில் ஒரு கோளாறு, பரம்பரையாக வருவது என்றார் டாக்டர். திடீர்ச் சத்தம், தண்ணீர், அதிர்ச்சி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், துடிப்பு தாறுமாறாகிவிடும். துப்புவின் இசிஜி சரியாக இருந்தது. தம்பிக்கு இருந்தது. பெண்ணுக்கும் இருந்தது. பின்னால் செய்த மரபணுச் சோதனையும் அதையே சொன்னது.

இருவருக்கும் மாத்திரை, ஆயுசு முழுக்க. தம்பியின் நெஞ்சுக்குள், துடிப்பு தவறினால் திருத்துகிற, தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். கிரேன் போயிற்று. துறைமுகத்திலேயே கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். தரையில் வேலை செய்வது குழிக்குள் இருப்பது மாதிரி இருக்கிறது என்று ஒரு மாதம் புலம்பினான். பெண் நீச்சல் உடைகளைத் தூக்கி எறியவில்லை, அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறாள். இரண்டு மாதம் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே வந்து, மாத்திரை சாப்பிட்டால் வாய் உலர்ந்துபோகிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். துப்புக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் பயம் போகவில்லை. மரத்தின் இடது பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் இன்னும் பதினொரு பேர். அவர்களுக்கு எதுவும் தெரியாது. போனில் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை, மணிச் சத்தத்தை நினைத்தாலே கை பின்வாங்கியது. டாக்டரின் கடிதத்தையும் மரத்தின் படத்தையும் நகலெடுத்து எல்லோருக்கும் தபாலில் அனுப்பினாள். கடல் தாண்டிய அண்ணன் தன் இளைய மகளை டாக்டரிடம் காட்டினார், அவளுக்கு இல்லை. ஒருவர் 'சாபம் விடுகிறாயா?' என்று எழுதினார். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். ஒருத்திக்கு இருந்தது, மாத்திரை தொடங்கிவிட்டார்கள். மீதிப் பேர் மௌனம். அவர்களுக்கு இரண்டாவது கடிதமும் போட்டாள்.

போன வாரம் ஒரு இளைஞன் நேரில் வந்தான். கையில் அவள் அனுப்பிய கடிதம்.

"நீங்கதானே எழுதினது? நான் போய்ப் பார்த்துட்டேன், எனக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

"நல்லதுப்பா, நல்லது." அவளுக்குக் கண் கலங்கியது.

"இன்னொண்ணு கேட்கணும். நீங்க அனுப்பின படத்துல என் தங்கச்சி இல்லையே. அவளுக்கும் பார்க்கணுமா?"

அந்தக் கிளையை அவள் மூன்று முறை சரிபார்த்திருந்தாள்.

"உனக்குத் தங்கச்சி இருக்கா? எங்க இருக்கா அவ?"

"வேலைக்குப் போயிருக்கா. நாலு மணி ரயில்ல வருவா."

மணி மூன்று இருபது. துப்பு கவுண்டர் பலகையைத் தூக்கி அவனை உள்ளே வரச் சொன்னாள். நாற்காலியிலிருந்து குடைகளை எடுத்துவிட்டு அவனை உட்காரவைத்தாள். பிறகு தளத்தைத் திறந்து, அவன் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பெட்டியைச் சேர்த்தாள்.

"பேரு சொல்லுப்பா," என்றாள். "மெதுவாச் சொல்லு, எழுத்து தப்பில்லாமப் போடணும்."