சிஞ்ஞோராவின் துவக்குக்கு ஒரு பொட்டு

மரம் அரியும் வாளின் பல் பென்சில் கோட்டைத் தொட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "பொறுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். என் முதலாளி பியெத்ரோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வாள் நின்றது. பட்டறையில் எட்டு மாதமாக நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான் என்று அவர் சொல்லித் திரிகிறார்.

இத்தாலியில், கால்சா என்ற பழைய நகர்ப்பகுதியின் பின்தெரு ஒன்றில் வேட்டைத் துவக்குகள் திருத்தும் பட்டறை அது. இரண்டு வருடம் இயந்திரப் பொறியியல் படித்தபின், திரையில் வரைந்ததைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்ற அரிப்பில் அங்கே சேர்ந்தேன். "நாங்கள் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள். இவள் அதைத் தேடிப் போறாள்" என்பது சித்தி எல்லோரிடமும் சொல்லும் வசனம்.

அந்தச் சித்தியால்தான் இந்தத் துவக்கும் வந்தது. வசதியானவர்கள் இருக்கும் லிபெர்த்தா பகுதியில் அவர் வேலை செய்யும் வீட்டின் எசமானி, சிஞ்ஞோரா அஞ்ஜெலா, எழுபது வயதுக்காரி, காரில் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தார். (இத்தாலியனில் நடந்த பேச்சையும் எங்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன்.)

"உங்கட கணவருடையதோ?" என்று கேட்டேன்.

"அவர் முயலைக் கண்டாலே ஒதுங்கிப் போவார். இது என்ர. அப்பா தந்தது."

தோளில் ஆபரேஷன் செய்தபின் துவக்கு அவருக்குப் பொருந்தவில்லை. பின்பக்க மரக்கட்டை, இங்கே கல்ச்சோ என்போம், அவர் தோளுக்கு இரண்டு சென்டிமீட்டர் அதிக நீளமாகிவிட்டது. வேட்டைப் பருவம் தொடங்க மூன்று கிழமைதான் இருந்தது.

"சரிவராட்டி மருமகனிட்டைக் குடுத்திடுவன். அவன் ஸ்கோப் பூட்ட ரெண்டு ஓட்டை போட்டுத்தான் ஓய்வான்" என்றார் சிஞ்ஞோரா.

பியெத்ரோ கட்டையைத் தட்டிப் பார்த்தார். "இருபது நிமிச வேலை. வெட்டு, ரப்பரை ஒட்டு, காப்பியைக் குடி."

நான் விடவில்லை. இரும்பிலும் மரத்திலும் ஒரே இலக்கம் இருந்தது. ஒரு பாகம்கூட மாற்றப்படவில்லை. இதை வெட்டுவது பாவம் என்று அரை மணித்தியாலம் பேசினேன். "மியூசியத்தில வேலை கிடைக்கேல்லையோ உனக்கு?" என்றார் அவர்.

அது தோற்றத்தில் எவ்வளவு அழகு என்று காட்டினால் மனம் மாறுவார்கள் என்று நினைத்தேன். கட்டையின் இடப்பக்கத்தில் நாணயம் அளவில் ஒரு சிவப்புக் கறை. அரைநாள் தேய்த்து அதை எடுத்தேன். பெருமையுடன் சித்திக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"எங்கையடி பொட்டு?"

"என்ன பொட்டு?"

"போன வருசம் சரஸ்வதி பூசைக்கு நான் அயன்பொக்ஸ், வக்யூம் கிளீனர், கறி வெட்டுற கத்தி எல்லாத்துக்கும் பொட்டு வைச்சனான். சிஞ்ஞோரா பாத்திட்டு, இரும்பு அலுமாரியைத் திறந்து துவக்கையும் கொண்டந்து வைச்சவ. இதுவும் வேலை செய்யிற சாமான்தானே எண்டு. அடுத்த கிழமை ரெண்டு காட்டுப்பண்டி விழுந்தது. பிறகு ஒரு தூசு தட்டவும் விடேல்லை அவ."

தேய்த்த துணியில் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது.

"நெத்தியில வைச்சாக் குங்குமம். கட்டையில வைச்சா உனக்கு ஊத்தையோ?"

மறுநாள் சிஞ்ஞோராவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார், பிறகு விரல் கைப்பிடிக்கு நகர்ந்தது.

"ஒரிஜினலாக்கினியோ? என்ர அப்பா பிடிச்சுப் பிடிச்சுக் கறுத்த இடம் இது. இதையும் தேய்ச்சிருப்பாய், என்ன?" பிறகு பியெத்ரோவைப் பார்த்தார். "பொட்டும் போச்சு. இனி வெட்டுங்கோ."

எதிர்த்துப் பேச எனக்கு இனி என்ன முகம்? பென்சில் கோடு போட்டதும் நான்தான். சிஞ்ஞோரா ஸ்டூலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பியெத்ரோ வாளை வைத்தார். அப்போதுதான் அந்தக் கத்தல்.

"வெட்டவேண்டாம். இதைக் கழற்றி அப்படியே வைப்பம். இதே மாதிரி, ரெண்டு சென்டிமீட்டர் குட்டையா, புதுக் கல்ச்சோ செய்வம்."

"ஆர் செய்யிறது?" என்றார் பியெத்ரோ.

"நான்."

"நீ இதுவரை செய்தது ஒரு சாவிக்கொத்துக் கட்டை."

"வாளைக் கையில எடுக்கும்வரைக்கும் ரெண்டு பேருக்கும் மூளை வேலை செய்யாதோ?" என்றார் சிஞ்ஞோரா. ஆனால் எழுந்து போகவில்லை. "பருவம் தொடங்கிறதுக்கு முதல்நாள் வருவன். தோளில பொருந்தாட்டி பழையதை வெட்டுவம்."

ஒரு பொருளைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள், அதைப் பிடிக்கிற கையிடம் முதலில் கேட்கவேண்டும். இதை நான் அரைநாள் தேய்த்துத்தான் கற்றேன்.

பழைய கட்டை இப்போது துணியில் சுற்றி அலுமாரியில் இருக்கிறது. பென்சில் கோட்டையும் அதிலே வாள்பல் பட்ட கீறலையும் நான் அழிக்கவில்லை. இனி எதையும் தேய்க்கக்கூடாது என்பது சிஞ்ஞோராவின் கட்டளை. சித்தி குங்குமச் சிமிழோடு தயார். "முடிச்சிட்டுக் கூப்பிடு, வாறன். உன்ர கையில மட்டும் துணி இருக்கக்கூடாது."

வால்நட் பலகை வந்துவிட்டது. அளவுகளை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். திங்கட்கிழமை காலை முதல் வெட்டு. வாள் இம்முறை என் கையில்.