ஈரம் பார்க்கும் கை

மரக்கடையில் அவருக்கு ‘ஈரம்’ என்றுதான் பெயர். லாரியில் வந்திறங்கும் ஒவ்வொரு பலகையையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து, “ஈரம்” என்று ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியதைத் துடைத்து விசிறிக்கு எதிரே சாய்த்து வைப்பார். “கல்யாணத்தன்னிக்கு என் கன்னத்தைக்கூட இவரு புறங்கையாலதான் தொட்டாரு” என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்காரிதான் படுத்த படுக்கையானாள். டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

மழைக்காலத்தில் கொட்டகைக்குப் பின்னால், உளுத்துப்போன கட்டை ஒன்றில் காளான் பூத்திருந்தது. இருட்டில் பச்சையாக மின்னியது. “ஏய், காளான் மின்னுது!” என்று வீட்டில் வந்து சொன்னதும் அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“எனக்கும் காட்டுங்களேன். வேற எதுவும் கேக்கல.”

விவரம் தெரிந்த தோட்டக்காரரிடம் ஓடினார்.

“செத்த மரத்தைத் தின்னு வளர்ற காளான் அது. பிடுங்கிடாதீங்க, கட்டையோட வெட்டி எடுங்க. நிழல் வேணும், ஈரம் வேணும். காஞ்சா அணைஞ்சிடும். எப்படியும் சில நாள்தான் மின்னும்” என்றார் அவர்.

ஈரச் சாக்கில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போலக் கட்டையைச் சுமந்து வந்தார். வந்த நேரம் அவள் மாத்திரை மயக்கத்தில் தூங்கினாள். எழுப்ப மனம் வரவில்லை. அசதியில் அவரும் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார்.

மறுநாள் அவள் கண் விழித்ததும் மகள் ஜன்னல்களை மூடிப் போர்வையைத் தொங்கவிட்டாள். அறை கும்மிருட்டானது. படுக்கையில் அவள் காத்திருந்தாள். ஒன்றுமே தெரியவில்லை.

மகள் விளக்கைப் போட்டாள். சாக்கு ஒழுங்காக மடித்து ஓரமாக இருந்தது. கட்டை, துடைத்த கட்டை, மேஜை விசிறிக்கு எதிரே சாய்ந்து நின்றது. காளான்கள் சுருங்கிக் கிடந்தன. அத்தனையும் கேட்டுவிட்டு வந்த மனுஷன், தூக்கக் கலக்கத்தில் கையை அதன் போக்கில் விட்டுவிட்டார். கையைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அவள் மெல்லக் கை நீட்டிப் புறங்கையால் கட்டையைத் தொட்டாள்.

“ஈரமே இல்லைங்க. நல்லாக் காய வச்சிருக்கீங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் வாய்விட்டு அழுதார்.

அந்த வாரமே அவள் போய்விட்டாள். கட்டையைத் தூக்கிப்போட அவருக்குக் கை வரவில்லை. குளியலறை மூலையில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்தார். அடுத்த மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. மூலையில் பச்சையாகச் சின்னதாய் ஒரு வெளிச்சம்.

“ஏய், ஓடி வா! மின்னுது பாரு!” என்று கத்தினார்.

மகள் சமையலறையிலிருந்து வந்து நின்றாள். அவளை அவர் ஒருநாளும் ‘ஏய்’ என்று அழைத்ததில்லை.

“யாரைப்பா கூப்பிட்டீங்க?”

“உன்னைத்தான்” என்றார்.