பலகைத் தரை மறைத்ததை முருகன் காட்டினான்

சென்ற ஐப்பசி: என் மனைவி மீனாட்சி, கொடைக்கானலில் எங்கள் வீட்டில் காலமானாள்.
தை: மகள் செல்வி முதல் பிரசவத்துக்கு, தாயில்லாத தாய்வீட்டுக்கு வந்து பெண் குழந்தை பெற்றாள். மருத்துவமனையில் குழந்தையின் செவித்திறனைச் சோதித்தார்கள். இரு காதிலும் விடை பதிவாகவில்லை. காதில் நீர் இருந்தாலும் இப்படி வரும், அடுத்த மாதம் மறுபடி கொண்டுவாருங்கள் என்றார்கள்.
மாசி: கொண்டுபோகவில்லை.
வைகாசி: குழந்தை பழனியிலுள்ள தகப்பன் வீட்டுக்குப் போனாள்.
ஆனி: மதுரையில் மறுசோதனை.

அடியார்களே, மாசியில் நாங்கள் போகாததற்குக் காரணம் எங்கள் வீட்டுத் தரை. இங்குள்ள பழைய வீடுகளைப் போல அதுவும் பலகைத் தரை. பிள்ளைப்பேறு பார்க்க வந்த என் அக்கா, விரிப்பில் கிடந்த குழந்தைக்குப் பின்னால் பித்தளைச் சொம்பைப் போட்டுப் பார்த்தாள். குழந்தை திடுக்கிட்டுக் கைகளை விரித்தது.

“மெசினு கெடக்கு, விடுலே தம்பி. பச்ச மண்ணு எப்படித் துள்ளுது பாரு” என்றாள்.

வந்தவர்களுக்கெல்லாம் சொம்பு விழுந்தது. மீனாட்சி போன பிறகு அந்த வீட்டில் அப்போதுதான் சிரிப்புக் கேட்டது. அதைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

குழந்தையைக் கொண்டுவிட நானும் அக்காவும் பழனிக்குப் போயிருந்தோம். சம்பந்தியம்மாள் வீட்டுக்கு மொசைக் தரை. குழந்தை தூளியில் விழித்துக் கிடந்தபோது, பின்னால் அடுக்கியிருந்த தட்டுகள் சரிந்து விழுந்தன. குழந்தை அசையவில்லை.

“சம்பந்தி, தெருவே திரும்பிப் பாத்துச்சு. இவ தூளிச் சேலைப் பூவையே பாத்துக்கிட்டுக் கெடக்காளே” என்றார் அந்த அம்மாள்.

செல்வி குழந்தையைத் தரையில் கிடத்தி, பின்னால் நின்று கைதட்டினாள். பெயர் சொல்லி அழைத்தாள். சலனமில்லை. அக்கா, “அப்ப அங்க பலகைதான் அதிர்ந்திருக்கு” என்றாள்.

நான் வெளியே வந்தேன். சாவு விழுந்த வீட்டார் ஓராண்டு மலையேறுவதில்லை. ஆகவே அடிவாரத் தெருவில் நின்றபடி கோபுரத்தைப் பார்த்தேன். மனைவி நோயுற்றிருந்தபோது குணமாக்கும்படி வேண்டினேன், கிடைக்கவில்லை. மறுபடி அதையே கேட்கும் துணிவு எனக்கில்லை. “எது உண்மையோ அதைக் காலம் தாழ்த்தாமல் காட்டு. அதைத் தாங்க வழியும் காட்டு” என்று மட்டும் வேண்டினேன்.

மதுரையில் செய்தது, தலையில் சிறு ஒட்டுகளைப் பொருத்தி, ஒலிக்குச் செவிநரம்பு விடையளிக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அதற்குக் குழந்தை அயர்ந்து தூங்க வேண்டும். அவள் தூங்கவில்லை. கொடுத்த மருந்தையும் துப்பிவிட்டாள். இன்னொரு நாள் வாருங்கள் என்று அவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இன்னொரு நாள் என்று மாசியில் விட்டதன் விலை எனக்குத் தெரியும். தாழ்வாரத்தில் கண்மூடி ஆறெழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. செல்வியின் தோளில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தாள்.

இரு காதிலும் கடுமையான குறைபாடு. ஆனால் நரம்பு விடையளித்தது.

“பேச்சு வர்ற வயசுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. கருவி மாட்டினா நல்லாப் பழகிக்குவா” என்றார் மருத்துவர்.

அன்று நான் முதன்முதலாக அழுதேன். மீனாட்சிக்காகவும் சேர்த்தே அழுதேன் என்று நினைக்கிறேன்.

ஆடியில் கருவி பொருத்தினார்கள். மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தவளை, “வள்ளி” என்று செல்வி மெல்ல அழைத்தாள். குழந்தை வாயை எடுத்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள். பெயர் சூட்டிய நாளில் நாங்கள் காதில் சொன்ன பெயரை அவள் கேட்டது அன்றுதான்.

குறை நீங்கவில்லை. நான் கேட்டதும் அதுவல்ல; கேட்டது கிடைத்தது. இப்போது புரட்டாசி. செல்வியும் குழந்தையும் கொடைக்கானலுக்கு வந்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் முகம் பார்த்துப் பேசப் பழகியிருக்கிறோம், நானும்தான். நேற்று வள்ளி ஒரு கருவியைக் கழற்றி ரசத்துக்குள் போட்டாள். “நம்ம பேச்சு அவளுக்கே சலிச்சிருச்சுலே” என்றாள் அக்கா.

உங்கள் வீட்டில் பிறந்த குழந்தையை மறுபடி சோதிக்கக் கூப்பிட்டால், வேண்டிக்கொண்டே புறப்படுங்கள். உண்மையைக் கேட்டு அவனிடம் போகிறவரை அவன் கைவிடுவதில்லை.

இன்னும் செய்யாதவை:
காதுகுத்து. கருவிக்கு இடைஞ்சலில்லாமல் எங்கே குத்துவது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.
மூடுபனி ஈரத்திலிருந்து கருவியைக் காக்க, உலர்த்தும் டப்பா ஒன்று வாங்க வேண்டும்.
மீனாட்சி பேசிய பதிவொன்று என் கைப்பேசியில் இருக்கிறது. நான் இன்னும் கேட்கவில்லை. வள்ளியை மடியில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.